தூணுக்குக் கீழே எவ்வளவு இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலம் நெருங்கினால் பாலங்களை ஆய்வு செய்தார்கள் என்று படத்தோடு செய்தி வருகிறது. விரிசல், கைப்பிடிச் சுவர், இடுக்கில் முளைத்த அரசங்கன்று எல்லாம் பார்க்கிறார்கள், சரி. ஆனால் அடித்தளத்தை யார் பார்க்கிறார்கள்?

திருவானைக்காவலையும் நெ.1 டோல்கேட்டையும் இணைத்த பழைய கொள்ளிடம் பாலம் 1928-இல் கட்டியது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் இறங்கி, 18-ஆம் தேதி இரவு ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 2016-லேயே பக்கத்தில் புதுப்பாலம் வந்துவிட்டதால் பழையதில் வண்டிகள் இல்லை. ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. போர்ச்சுகலில் 2001 மார்ச்சில் டோரோ ஆற்றுப் பாலம் அப்படித்தான் விழுந்து 59 பேர் போனார்கள். அங்கே ஆற்றில் மணல் அள்ளியதும் சேர்ந்து தூணடி பறிந்திருந்தது.

கோடையில் ஆற்றில் இறங்கிப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம். தெரியாது. வெள்ளம் உச்சத்தில் ஓடும்போது தூணடியில் மணல் பறிந்து பள்ளமாகும், தண்ணீர் வடியும்போது புது மணல் வந்து அதை மூடிவிடும். மேலே நின்று பார்ப்பவருக்கு ஆறு ஒழுங்காகத்தான் தெரியும். அதனால் அடித்தளம் எத்தனை ஆழம் இறங்கியிருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். வரைபடம் தொலைந்துபோன பழைய பாலங்களுக்கும் அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, தூணில் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்க வேண்டாம். தூணுக்கு ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி ஒரு போர் போட்டு, குழாய் இறக்கி, தண்ணீர் நிரப்பி, அதற்குள் ஹைட்ரோபோன் என்ற ஒலி வாங்கியை விடுகிறார்கள். மேலே தூணில் சுத்தியலால் ஒரு தட்டு. கருவியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு ஆழத்திலும் அதிர்வு வந்து சேரும் நேரத்தைக் குறிக்கிறார்கள். கான்கிரீட்டில் அதிர்வு விநாடிக்குச் சுமார் 4000 மீட்டர் ஓடும், ஈர மணலில் அதில் பாதிகூட இல்லை. எந்த ஆழத்துக்குக் கீழே அதிர்வு சட்டென்று தாமதிக்கிறதோ, அங்கே அடித்தளம் முடிகிறது. பாரலல் சீஸ்மிக் சோதனை என்று இதற்குப் பெயர். அடித்தளத்தின் எல்லாக் கோளாறும் இதில் வெளிவந்துவிடாது, ஆனால் ஆழம் தெரியும்.

அப்புறம், வெள்ளம் ஓடும்போதே தூணடிப் பள்ளத்தையும் அளக்க வேண்டும். இரண்டு எண்களையும் அளந்த தேதியோடு ஒவ்வொரு பழைய பாலத்தின் முகப்பிலும் எழுதி வையுங்கள், அதில் தினமும் போகிற எங்களுக்குத் தெரியட்டும்.

ஒரு வாசகர்,
ஸ்ரீரங்கம்