பிலடெல்பியாவிலிருந்து அக்கா: ரெஸில்மேனியா இரண்டு ராத்திரி

பிலடெல்பியா,
10.4.2024

அன்புள்ள தம்பி முருகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலித் தைலம் பார்சலில் வருகிறது, வந்ததும் சொல். இனி உன் கேள்விகள். நீ அங்கே ஞாயிறும் திங்களும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து டிவியில் பார்த்த ரெஸில்மேனியா, அதாவது டபிள்யூடபிள்யூஇ என்ற மல்யுத்தக் கம்பெனியின் வருடாந்தரப் பெரிய நிகழ்ச்சி, இங்கே சனி, ஞாயிறு ராத்திரி ஏழு மணி. டிவியில் தெரியாததைத்தான் எழுதப்போகிறேன்.

ஏன் இரண்டு ராத்திரி? 2019-இல் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியின் மெட்லைஃப் மைதானத்தில் ஒரே ராத்திரியில் நடத்தினார்கள். முன்னோட்டப் போட்டிகளையும் சேர்த்தால் ஏழு மணி நேரத்துக்கு மேல் இழுத்து, நள்ளிரவு தாண்டித்தான் முடிந்தது. கடைசிப் போட்டி வருவதற்குள் கூட்டத்துக்குத் தொண்டை போய்விட்டது, ரயிலுக்கும் அல்லாட்டம். 2020-இல் கொரோனாவால் ஆளில்லாத அரங்கில் படம்பிடித்து இரண்டு நாளாகப் பிரித்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. உண்மையில் இரண்டு ராத்திரி என்பதும் கணக்குக்குத்தான். வெள்ளிக்கிழமை ஸ்மாக்டவுன் என்ற வார நிகழ்ச்சி, அது முடிந்ததும் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவ விழா, சனி மதியம் இளம் வீரர்களின் என்எக்ஸ்டி, திங்கள் ரா என்ற இன்னொரு வார நிகழ்ச்சி. இவை எல்லாம் மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் வெல்ஸ் ஃபார்கோ சென்டரில். நான்கு நாளும் முழுக்கப் பார்க்கிறவர்களுக்கு முதலில் வேண்டியது நல்ல ஷூ.

மைதானத்தின் பெயர் லிங்கன் ஃபைனான்ஷியல் ஃபீல்ட். இந்த ஊர் ஈகிள்ஸ் அணியின் அமெரிக்கன் புட்பால் மைதானம், மேலே கூரை கிடையாது. சிட்டி ஹாலிலிருந்து பிராட் ஸ்ட்ரீட் ரயிலில் தெற்கே கடைசி நிறுத்தமான என்ஆர்ஜி வரை போனால் அங்கிருந்து நடைதான். உள்ளே கொண்டுபோகும் பை கண்ணாடிபோல் தெரிய வேண்டும். தோல் பையைத் தூக்கி வந்தவர்கள் வாசலில் நின்று தகராறு செய்து முதல் போட்டியைக் கோட்டை விடுவார்கள். ஏப்ரல் என்று நம்பி மெல்லிய சட்டையோடு போகக் கூடாது, இருட்டியதும் காற்று எலும்பைத் தொடும். ரிங்குக்கு அருகில் தரையில் போட்ட நாற்காலிகள்தான் விலை அதிகம், ஆனால் முதல் சில வரிசைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தால் முன்னால் எழுந்து நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். அதைவிடக் கீழ் அடுக்கின் நடு வரிசைகள் மேல். இரண்டு ராத்திரிக்கும் சேர்த்து அவர்கள் அறிவித்த கூட்டம் 1,45,298.

இனி ரிங். ஒரு பக்கம் 20 அடி. நான்கு மூலையிலும் இரும்புத் தூண், நடுவே இரும்பு உத்தரங்கள், அவற்றின் மேல் வரிசையாகப் பலகை, அதற்கு மேல் மெல்லிய ஃபோம், எல்லாவற்றையும் இழுத்து மூடும் கான்வாஸ். மெத்தை என்று நினைக்காதே. கூடைப்பந்துத் தளத்தைவிடக் கொஞ்சம் கொடுக்கும், அவ்வளவுதான். விழும்போது எழும் அந்த 'டமார்' பலகையின் சத்தம், அதைப் பிடிக்க ரிங்குக்கு அடியிலேயே மைக் வைத்திருக்கிறார்கள். பல கம்பெனிகள் ரப்பர் குழாய்க்குள் இரும்பு வடத்தை விட்டு ரோப் செய்யும். டபிள்யூடபிள்யூஇ நிஜக் கயிற்றின் மேல் டேப் சுற்றுகிறது. கயிறு தளர்ந்திருந்தால் அதன்மேல் ஏறிக் குதிப்பவன் கால் வழுக்கி விழுவான், அதனால் மூலையில் இருக்கும் டர்ன்பக்கிளைத் திருகி இறுக்கிப் பார்த்துக்கொள்வார்கள். இந்த முறை கான்வாஸின் நடுவில் பிரைம் என்ற பானத்தின் விளம்பரம். டபிள்யூடபிள்யூஇ ரிங் நடுவில் விளம்பரம் ஒட்டியது இதுவே முதல் தடவை, பார்க்கவும் அசிங்கமாகத்தான் இருந்தது.

'எல்லாம் பொய்தானே' என்கிறார் சித்தப்பா. யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவு, அதில் ஒளிவு மறைவு இல்லை. விழுவது மட்டும் நிஜம். மல்லாக்க விழும்போது மோவாயை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டு, முதுகின் மேல்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும்படி, இரு கைகளாலும் தரையை அறைந்தபடி விழ வேண்டும். மோவாய் நிமிர்ந்தால் பின்மண்டை அடிபடும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும். மேஜையில் விழுபவன் பலகையின் நடுவில் விழ வேண்டும். கால் பக்கம் விழுந்தால் மேஜை உடையாது, ஆள்தான் உடைவான். நாற்காலியால் தலையில் அடிப்பதை 2010-இலேயே தடை செய்துவிட்டார்கள், முதுகில்தான் அடிக்கலாம். நடுவர் காதில் சின்ன ஒலிக்கருவி இருக்கும், மீதி எத்தனை நிமிடம் என்று உள்ளேயிருந்து சொல்வார்கள், அவர் அதை வீரர்களுக்குக் கடத்துவார். அவர் இரு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறிபோல் வைத்தால் பொதுவாக நிஜக் காயம் என்று பொருள்.

சரி, கடைசிப் போட்டிக்குப் பின்னால் இருந்த பகை. கோடி ரோட்ஸின் அப்பா டஸ்டி ரோட்ஸ் பெரிய பெயர், ஆனால் இந்தக் கம்பெனியின் உலகப் பட்டம் அவர் கைக்கு வரவே இல்லை. மகன் 2016-இல் வெளியேறி, 2019-இல் ஏஇடபிள்யூ என்ற போட்டிக் கம்பெனி தொடங்கியவர்களில் ஒருவனாகி, 2022 ரெஸில்மேனியாவில் திரும்பி வந்தான். 2023-இல் உலகப் பட்டம் வைத்திருந்த ரோமன் ரெயின்ஸிடம் தோற்றான். ரோமனின் ஆள் சோலோ சிகோவா இடையில் புகுந்ததால் வந்த தோல்வி அது. இந்த ஜனவரியில், ஜெயித்தவனுக்கு ரெஸில்மேனியாவில் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பைத் தரும் ராயல் ரம்பிள் போட்டியை மறுபடி ஜெயித்தான். ஆனால் பிப்ரவரி 2 அன்று, அவன் விலகி நிற்க, ரோமனின் எதிரே பழைய வீரரும் சினிமா நடிகருமான ராக் வந்து நின்றார். கூட்டம் கொதித்தது. யூடியூபில் டிஸ்லைக் குவிந்தது, அரங்கில் எங்கே பார்த்தாலும் கோடி பெயர். ஆறே நாளில் லாஸ் வேகஸ் மேடையில் கதையைத் திருப்பினார்கள்: கோடிதான் ரோமனுடன் மோதுவான், ராக் வில்லன். அங்கேயே கோடியின் கன்னத்தில் ராக் ஓர் அறையும் விட்டார். ராக் வில்லனானதுதான் இந்த வருடத்தின் நல்ல விஷயம் என்பேன். நாயகனாக வந்திருந்தால் பழைய படத்தை மறுபடி ஓட்டியதுபோல்தான் இருந்திருக்கும்.

இரண்டு ராத்திரியை அவர்கள் முடிச்சுப் போட்ட விதத்தைக் கவனி. சனிக்கிழமை ராக்கும் ரோமனும் ஒரு பக்கம், கோடியும் செத் ராலின்ஸும் மறுபக்கம். கோடி பக்கம் தோற்றால் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் விதியே கிடையாது, யார் வேண்டுமானாலும் புகுந்து அடிக்கலாம். தோற்றார்கள். அந்தத் தோல்வி இல்லாவிட்டால் மறுநாள் நீ பார்த்த படையெடுப்புக்கு இடமே இல்லை. போட்டி மட்டும் முக்கால் மணி நேரத்துக்குக் கிட்ட, நடுவில் தொய்வு. பத்து நிமிடம் வெட்டியிருக்கலாம்.

முதல் ராத்திரியில் எனக்குப் பிடித்தது அதுவல்ல, சாமி ஜெய்ன் குந்தரை வீழ்த்தியது. 666 நாள் குந்தர் கையிலிருந்த இண்டர்காண்டினென்டல் பட்டம். குந்தர் நெஞ்சில் அறைந்தால் சிவந்த கைத்தடம் பதியும். அதில் நடிப்புக்கு இடமில்லை, தோல் காட்டிக்கொடுத்துவிடும். ஜிம்மி - ஜே உசோ அண்ணன் தம்பிச் சண்டையோ வீண். இத்தனை மாதம் கட்டிய பகை, ரிங்குக்குள் இருவரும் ஒரே உதையைத் திருப்பித் திருப்பி உதைத்தே தீர்ந்துபோனது.

ஞாயிறு தொடக்கமே டிரூ மெக்கின்டைர். ராலின்ஸை வென்று அவனிடமிருந்த இன்னொரு உலகப் பட்டத்தை வாங்கி ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. கையின் ட்ரைசெப்ஸ் தசை கிழிந்து, வர்ணனை மேஜையில் உட்கார்ந்திருந்த சிஎம் பங்கை அவன் வம்புக்கு இழுக்க, பங்க் அடிக்க, எப்போது வேண்டுமானாலும் பட்டத்துக்கு மோதும் உரிமை தரும் மணி இன் தி பேங்க் பெட்டியோடு ஓடிவந்த டேமியன் பிரீஸ்ட் பட்டத்தைக் கொண்டுபோனான். பிலடெல்பியா ஸ்ட்ரீட் ஃபைட்டுக்கு பப்பா ரே டட்லி நடுவர். இந்த ஊருக்கு அது சாமி புறப்பாடு மாதிரி. தெற்கு பிலடெல்பியாவில் பழைய பிங்கோ கூடம் ஒன்றில்தான் இசிடபிள்யூ என்ற பழைய மல்யுத்தக் கம்பெனி நடந்தது, மேஜை உடைப்பை இந்த ஜனங்களுக்குப் பழக்கியவர்களே பப்பா ரே போன்ற அதன் வீரர்கள்தான். அதை நடத்திய பால் ஹேமன் வெள்ளிக்கிழமை ஹால் ஆஃப் ஃபேமில் ஏறினார்.

கடைசிப் போட்டியில் ஜான் சீனா வந்ததும், டிரம்ப் கார்டு ஆட்டத்தில் நீ யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த அண்டர்டேக்கர் வந்ததும் உனக்குத் தெரியும். நீ தவறவிட்டிருக்கக்கூடியது நாற்காலி. ராலின்ஸ், அவனும் ரோமனும் முன்பு சேர்ந்திருந்த ஷீல்ட் என்ற குழுவின் பழைய கருப்பு உடையில் வந்தானே, ஏன்? 2014 ஜூனில் ரோமனின் முதுகில் நாற்காலியால் அடித்து ஷீல்டை உடைத்தவன் அவன். பத்து வருடம் கழித்து ரோமன் கையில் நாற்காலி, எதிரே கோடியும் ராலின்ஸும். புத்தி கோடியை அடி என்கிறது, பழைய வன்மம் ராலின்ஸை அடிக்க வைக்கிறது. அந்த ஒரு வீச்சில்தான் ரோமனிடம் 1,316 நாள் இருந்த பட்டம் கோடியிடம் போனது. அதற்குப் பிறகு விழுந்த, கோடியின் முடிக்கும் அடியான கிராஸ் ரோட்ஸ் மூன்றும் சடங்குதான்.

திங்கள் ராவில் ராக் வந்து கோடியின் கையில் எதையோ வைத்துவிட்டுப் போனார், என்னவென்று காட்டவில்லை. அடுத்த சண்டைக்கு விதை அதுதான், அந்தப் பகுதியைத் தேடிப் பார். டீ-சர்ட் அளவு இங்கே ஒரு சைஸ் பெரிது. உனக்கு மீடியம் போதும் என்று நினைக்கிறேன், நெஞ்சு அளவை இஞ்சில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அக்கா