பறவைகள் குளிக்கச் சிமெண்டில் தண்ணீர்த் தொட்டி செய்யப் போகிறவர்கள் கவனத்துக்கு

வணக்கம் நண்பர்களே. ஈர மணலைக் கவிழ்த்த தட்டு போலக் குவித்து, மேலே பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு சலித்த மணல். கெட்டியாகக் கலந்து 4 செ.மீ. கனத்துக்கு அப்புங்கள். கையுறை கட்டாயம், சிமெண்ட் தோலை அரிக்கும்.

2 நாள் கழித்துத் திருப்பி எடுத்து, உள்பக்கத்தைக் கம்பி பிரஷால் தேய்த்துவிடுங்கள். வழவழப்பாக இருந்தால் பறவைக்குக் கால் வழுக்கும். பிறகு ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு மூடி வையுங்கள்.

தயவுசெய்து உடனே தோட்டத்தில் வைத்துவிடாதீர்கள். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்புக் காரம் தண்ணீரில் இறங்கும், பறவைகளுக்கு ஆகாது. இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி, தினமும் கொட்டி மாற்றுங்கள். ஆழம் நடுவில் 5 செ.மீ. போதும், ஓரத்தில் அதற்கும் குறைவாக. குருவிகள் நின்றுதான் குளிக்கும்.