அந்தத் தாள் தமிழில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மனம் விட்டுப் பேசினாலே பாதி பாரம் இறங்கிவிடும் என்று உங்கள் மனநலக் கட்டுரையில் படித்தேன். எனக்குப் பேச்சில் இறங்கவில்லை, எழுத்தில்தான் இறங்கியது.

எனக்கு ஊர் கூடலூர், வயது 44. கேரள எல்லையிலுள்ள குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். போன வருஷம் ஒரு காலை, பஸ் லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறுகையில், மின் நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் ராட்சதக் குழாய்கள் பக்கம் நெஞ்சு படபடவென்று அடித்துக் கை மரத்துப்போனது. இ.சி.ஜி., எக்கோ எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனாலும் அடிக்கடி அந்த இடம் வந்ததும் அதே கதை. கதவோர சீட், சட்டைப் பையில் மாமனார் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை என்று மூன்று மாதம் ஓட்டினேன்.

டாக்டர் சி.பி.டி.க்கு, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் சரிபார்க்கும் பேச்சுச் சிகிச்சைக்கு, அனுப்பினார். 1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய சிகிச்சை அது. இதில் உபதேசம் கிடையாது. இரண்டு பேர் உட்கார்ந்து பேரேடு சரிபார்ப்பது மாதிரி. தாளில் கட்டங்கள்: என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, அதை எத்தனை சதவீதம் நம்பினாய், அதற்குச் சாட்சி என்ன, எதிர்ச்சாட்சி என்ன. 'மாரடைப்புதான், 90' என்று எழுதினேன். சிகிச்சை தரும் அம்மா கேட்டார்:

"இதுவரை எத்தனை தடவை வந்தது?"

"இருபதுக்கு மேல் இருக்கும்."

"அதில் மாரடைப்பு எத்தனை?"

அந்தம்மா கேட்டது அவ்வளவுதான். அப்புறம் இருவருமாக மாடிப்படி ஏறி இறங்கினோம். நெஞ்சு அடித்தது, தானாக அடங்கியது. அடுத்த வாரம் மாத்திரையை வீட்டில் வைத்தேன். அதற்கடுத்த வாரம் ஜன்னலோர சீட். மொத்தம் பன்னிரண்டு வாரம். வீட்டுப்பாடம் எழுதாமல் போன இரண்டு வாரமும் காசு தண்டம். என் மச்சினனை வீட்டார் வற்புறுத்தி இதே சிகிச்சைக்கு அனுப்பினார்கள். இரண்டாம் நாளே நின்றுவிட்டான். தானாக இறங்கிச் செய்யாதவனுக்கு இது ஆகாது.

சொல்ல வந்தது வேறு. அந்தம்மா மலையாளி. முதல் நாள் "விஷமம் உண்டோ?" என்றார். சின்ன வயதுச் சேட்டையைக் கேட்கிறார் என்று நினைத்தேன். வருத்தத்தைக் கேட்டிருக்கிறார்! ஏலக்காய் விலை பேச என் மலையாளம் போதும். ஆனால் அந்த வளைவில் மனதில் ஓடியது 'செத்தோம்டா'. அதை மலையாளத்தில் எழுதியதும் 90 சதவீதம் 60 ஆகிவிட்டது. பயமே அதில் ஏறவில்லை. "தமிழிலேயே எழுதி எனக்கு வாசித்துக் காட்டுங்கள்" என்று கடைசியில் அவரே சொன்னார். கணக்கு நோட்டில் கோடு போட்டுத் தலைப்பெல்லாம் தமிழில் எழுதிக்கொண்டேன்.

14416-க்கு அழைத்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸில் தமிழில் பேசலாம், நல்லதுதான். ஆனால் வாராவாரம் கூட உட்கார ஒரு ஆளும், தமிழில் அச்சிட்ட தாளும் எல்லையோர அரசு மருத்துவமனைகளில் வேண்டும். தாள் ஒரே பக்கம்தான்.

என் நோட்டுத் தாளின் நகலை இணைத்திருக்கிறேன். இடமிருந்தால் போடுங்கள். பெயர் மட்டும் வேண்டாம், கடையில் எல்லோரும் உங்கள் பேப்பர்தான் படிக்கிறார்கள்.

ஒரு கணக்குப்பிள்ளை,
கூடலூர், தேனி மாவட்டம்