பாடம் வீடியோவில், பயிற்சி லேபில்

அன்புள்ள கண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கல்லூரி முதல்வர் பொறுப்பு உன்னிடம் வந்ததில் ரொம்ப சந்தோஷம். எலக்ட்ரிக்கல் ஆசிரியர்களை ஜூலைப் பருவத்தில் என்பிடெல் (ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடத் திட்டம்) பாடத்தில் சேர்க்கப் போவதாக எழுதியிருந்தாய். செய். ஊரையும் வகுப்பையும் விடாமல் ஐஐடி பேராசிரியரிடம் பாடம் கேட்க இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. சேரக் காசில்லை, தேர்வுக்குத்தான் 1,000 ரூபாய் வாக்கில் ஆகும்.

12 வாரப் பாடம் என்றால் வாரம் இரண்டரை மணி நேர வீடியோவும் ஓர் அசைன்மென்ட்டும் இருக்கும். மூன்றாம், நான்காம் வாரத்தில் கல்லூரி வேலை நெருக்கும்போது பலர் விட்டுவிடுகிறார்கள். அதனால் முதல் தடவை 8 வாரப் பாடமே போதும். டைம்டேபிளில் வாரம் ஒரு பீரியட் இதற்கென்றே ஒதுக்கு. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது.

மார்க் கணக்கை முதல் நாளே சொல்லிவிடு. எட்டில் சிறந்த 6 அசைன்மென்ட்டின் சராசரிக்கு 25, மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. அதில் 10, இதில் 30 என்று இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். அசைன்மென்ட்டில் 24, தேர்வில் 29 என்றால் கூட்டுத்தொகை 53 வந்தும் சான்றிதழ் கிடையாது. டெலிகிராமில் வரும் விடையைப் பார்த்துக் குறிப்பவர்களுக்கு இதுதான் கதி. அசைன்மென்ட் கெடு பெரும்பாலும் புதன் இரவோடு முடியும். வியாழக்கிழமை அவர்களை உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் மற்ற விடைகள் ஏன் தப்பு என்று பேச வை. தேர்வுக்கு அதைவிட நல்ல தயாரிப்பு கிடையாது.

பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. இரண்டும் ஒன்றென்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. பதிவு திறந்ததுமே பணம் கட்டச் சொல். தாமதித்தால் பக்கத்து ஊர் மையம் நிறைந்துவிடும். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும்.

கடைசியாக, எனக்கு முக்கியமாகப் படுவது லேப். பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் சிறிய தொழிற்சாலைக் கணினி) பாடத்தை வீடியோவில் பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். வயரிங் செய்தால்தான் சிக்கல் வெளியே வரும். ஸ்டாப் பட்டன் நிஜத்தில் என்.சி., அதாவது அழுத்தாதபோது மின்சாரத்தை விடும், அழுத்தினால் துண்டிக்கும். அதனால் லேடரிலும் (பிஎல்சிக்கு எழுதும் ஏணி வடிவப் புரோகிராம்) என்.சி. என்றே போடுவார்கள், மோட்டார் ஓடாது. பட்டனை அழுத்தாதபோதே இன்புட்டுக்கு 24 வோல்ட் வந்துகொண்டிருப்பதால், லேடரில் என்.ஓ., அதாவது இன்புட் வந்தால் மூடும் காண்டாக்ட், போட வேண்டும். என்.சி. பட்டனே இருக்கட்டும், மாற்ற விடாதே: வயர் அறுந்தாலும் மோட்டார் நிற்க வேண்டும் என்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. இதை ஆசிரியர் ஒருமுறை கையால் செய்து, தப்பைத் தானே கண்டுபிடித்திருந்தால்தான் மாணவனுக்கு விளக்க முடியும். ஆகவே வாரம் ஒரு மணி நேரமாவது லேபைத் திறந்து கொடு.

உங்களிடம் எந்த கம்பெனி பிஎல்சி, எத்தனை இன்புட், அவுட்புட் என்று எழுது. அதற்குத் தகுந்த எட்டு வாரப் பயிற்சிகளை எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
செல்வம்