எத்தனை ஆட்டங்கள் ஆடினார்கள் என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பைக் கால்பந்தில் அணிகளின் எண்ணிக்கை 24-லிருந்து 48 ஆக உயர்ந்து, 2025 முதல் ஆண்டுதோறும் கத்தாரில் நடப்பதால், இந்தியாவுக்கு வாய்ப்புக் கூடியிருக்கிறது என்று தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அரசுப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றியவன் என்ற முறையில் அந்த நம்பிக்கை எனக்கும் உண்டு. ஆனால் இடங்கள் கூடியதைப் பற்றி விரிவாகப் பேசிய கட்டுரை, நம் பிள்ளைகள் ஆண்டுக்கு எத்தனை ஆட்டங்கள் ஆடுகிறார்கள் என்பதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லையே என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

2017-இல் இந்தப் போட்டி நம் நாட்டில் நடந்தபோது, பள்ளி அணிப் பிள்ளைகள் பதினான்கு பேரைக் கோவையிலிருந்து ரயிலில் கொச்சிக்கு அழைத்துச் சென்றேன். அக்டோபர் 7-ஆம் தேதி, பிரேசிலும் ஸ்பெயினும் மோதின. ஐந்தாவது நிமிடத்திலேயே பிரேசில் தடுப்பாட்டக்காரரின் காலில் பட்டுப் பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போய்விட்டது. மஞ்சள் சட்டைகள் நிறைந்திருந்த அரங்கம் ஒரு கணம் வாயடைத்துப் போயிற்று. களத்தில் நின்ற பையன்களோ எதுவும் நடக்காததுபோல நடுக்கோட்டுக்கு நடந்தார்கள். 25-ஆவது நிமிடத்தில் லிங்கன் சமன் செய்தார், இடைவேளைக்குச் சற்று முன் பவுலினோ இரண்டாவது கோலை அடித்தார், ஆட்டம் 2-1 என்று முடிந்தது. அருகில் அமர்ந்திருந்த என் மாணவன், "சார், இவங்களுக்கும் எங்க வயசுதானா?" என்று கேட்டான். ஒன்றிரண்டு வயதுதான் கூட என்றேன். அவன் நம்பவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து, டெல்லியில் இந்தியா கொலம்பியாவை எதிர்கொண்டது. 82-ஆவது நிமிடத்தில் பெங்களூரைச் சேர்ந்த சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த கார்னரை, மணிப்பூரின் ஜீக்சன் சிங் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பி ஆட்டத்தை 1-1 என்று சமன் செய்தார். ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல் அது. தொலைக்காட்சியின் முன் எழுந்து நின்று கைதட்டிய நான் உட்காருவதற்குள், அடுத்த நிமிடமே பெனலோசா கொலம்பியாவுக்கு வெற்றி கோலை அடித்துவிட்டார். அந்த ஒரு நிமிடத்தை உடல் வலுக் குறைவு என்று பலர் விளக்கினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோல் அடித்த மறுநிமிடம் எப்படி நிற்க வேண்டும் என்பது, புள்ளிகளுக்காக வாரந்தோறும் ஆடி, வென்றும் தோற்றும் பழகிய பிள்ளைக்குத்தான் கைவரும். அந்த அணி நீண்ட முகாம்களிலும் வெளிநாட்டுப் பயணங்களிலும் கடுமையாகப் பாடுபட்டது உண்மையே. ஆனால் நட்பு ஆட்டத்தில் தோற்றால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்பது ஆடுகிறவனுக்கும் தெரியும்.

என் மாணவர்களின் நிலை இதைவிட மோசம். ஆண்டு முழுவதும் காலையும் மாலையும் பயிற்சி செய்துவிட்டுக் அக்கம்பக்கப் பள்ளிகள் மோதும் குறுமைய அளவிலான போட்டிக்குப் போவோம். அது தோற்றால் வெளியேறும் முறையில் நடப்பது. ஓராண்டு மழையில் சேறான மைதானத்தில் முதல் ஆட்டத்திலேயே பெனால்டியில் தோற்றோம், அத்தோடு அந்த ஆண்டு முடிந்தது. ஷூவைக் கழற்றிச் சேற்றைத் தட்டிக்கொண்டே, "இனி அடுத்த வருஷமா சார்?" என்று கேட்ட கோல்கீப்பர் பையனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த ஆண்டு அவன் வயது வரம்பைத் தாண்டிவிடுவான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஆட்டங்கள் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த 2017 அணியே சான்று. அவர்களில் பெரும்பாலோரை இந்தியன் ஆரோஸ் என்ற அணியாக்கி, பெரியவர்கள் ஆடும் ஐ-லீக்கில் இறக்கினார்கள். ஜீக்சன், சுரேஷ், அன்வர் அலி, லாலெங்மாவியா ஆகியோர் பின்னாளில் தேசிய அணியின் சட்டையை அணிந்தார்கள். அந்த ஆரோஸ் அணி 2022-இல் கலைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் நம் சிறுமிகள் சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையில் அமெரிக்காவிடம் 8-0, மொராக்கோவிடம் 3-0, பிரேசிலிடம் 5-0 என்று தோற்றபோது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆண்பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஆட்டங்களில் பாதிகூட அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

உஸ்பெகிஸ்தானைப் பாருங்கள். 2012-இலும் 2025-இலும் இந்த வயதுப் பிரிவில் ஆசியக் கோப்பையை வென்ற நாடு அது. 2023-இல் இருபது வயதுக்குட்பட்டோர் கோப்பையையும் வென்றது. இப்போது அதன் மூத்தோர் அணி 2026 உலகக் கோப்பைக்கே முதல் முறையாகத் தகுதி பெற்றுவிட்டது. ஆசியாவுக்குக் கூடுதலாகக் கிடைத்த இடங்களைப் பயன்படுத்தி இந்தோனேசியாவும் தஜிகிஸ்தானும் 2025-இல் கத்தாருக்குச் சென்றன. இடம் எல்லோருக்கும்தான் கூடியது.

மாவட்டந்தோறும் பதின்மூன்று, பதினைந்து வயதுப் பிரிவுகளில், ஆணுக்கும் பெண்ணுக்கும், தோற்ற அணியும் அடுத்த வாரம் ஆடும் வகையில் ஆறு மாத லீக் நடத்தப் பெரும் செலவு ஆகாது. இருக்கின்ற பள்ளி மைதானங்களும் உள்ளூர் நடுவர்களும் சனி, ஞாயிறுகளும் போதும். தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த முறை இளையோர் அணிக்குத் தேர்வானவர்களின் படத்தை வெளியிடும்போது, ஒவ்வொருவரும் கடந்த ஓராண்டில் எத்தனை லீக் ஆட்டங்கள் ஆடினார்கள் என்று கால்பந்துச் சங்கத்திடம் கேட்டு, அந்த எண்ணையும் பெயருக்குப் பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கோயம்புத்தூர்.