அந்தியேட்டிக்கு முதலே ஒரு கொப்பி வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் அம்மா போன மாசியில் காலமானார். வயது 84. எட்டுச் செலவு முடிந்த கையோடு நினைவு மலர் வேலை தொடங்கிவிட்டது. அந்தியேட்டிக் கிரியையை அடுத்து 31ஆம் நாள் வீட்டில் நடக்கும் வீட்டுக்கிருத்தியத்துக்கு வருபவர்களின் கையில் கொடுக்க வேண்டும், ஒரு கிழமைக்குள் எல்லாவற்றையும் தந்துவிடுங்கள் என்று அச்சகத்தில் சொன்னார்கள். அம்மாவின் வாழ்க்கையை இரண்டு இரவுகளில் எழுதி முடித்தேன். மலருக்குக் கல்வெட்டு (இறந்தவரின் வம்சத்தையும் வாழ்க்கையையும் சொல்லும் பாடல்கள்) பாடித் தருபவர் தொலைபேசியில் கேட்ட கேள்விகளில் பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மம்மாவின் தாய் எந்த ஊர்? அப்பாவை அம்மாவுக்குப் பேசி வந்தவர் யார்? அம்மா இருந்திருந்தால் அடுப்படியிலிருந்தே சொல்லியிருப்பார்.

அந்த நாட்களில்தான் பால்மா ரின்னுக்குள் இருந்த ஒரு படம் கையில் வந்தது. கறுப்பு வெள்ளை. ஊர்ப் பிள்ளையார் கோவில் வீதியில் நான்கு பெண்கள் நிற்கிறார்கள். ஒருவர் அம்மா. மற்ற மூவரும் யாரென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. “தேர்த் திருவிழாவில் தோழியருடன்” என்று கீழே போட்டு மலரில் சேர்த்துவிட்டோம்.

அது பிழை. சின்னம்மா வெள்ளவத்தையில் மகளோடு இருந்தவர். மரண வீட்டுக்கு வந்து அழுது களைத்துப் படுத்திருந்தவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. மலர் அச்சாகி வந்த பிறகுதான் அந்தப் படத்தைப் பார்த்தார். “பின்னால நிக்கிறது தேர் இல்லைப் பிள்ளை, கட்டி முடியாத சப்பறம். அப்ப இது தேருக்கு முதல் நாள் பின்னேரம்” என்றார். தேருக்கு முதல் நாள் இரவு சுவாமி எழுந்தருளக் கட்டுவதுதான் சப்பறம். பிறகு விரலை வைத்து இரண்டு பெண்களின் பெயரையும் சொன்னார். ஒருவர் அம்மாவோடு தையல் படித்தவர். மற்றவர் எங்கள் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி. அந்தச் சம்பந்தம் பேசப்பட்டதே அவர் மூலமாகத்தானாம்! கல்வெட்டுக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் 300 பிரதி அச்சான பிறகு கிடைத்தது.

அடுத்த நாளே சந்தியில் உள்ள கடையில் தடித்த மட்டை போட்ட ஒரு பெரிய சீ.ஆர். கொப்பி வாங்கினேன். சின்னம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் கோவிலுக்குப் போய் வந்து சாப்பிட்ட பிறகு கொப்பியை விரிப்போம். சின்னம்மா சொல்வார், பதினொரு வயதுப் பேத்தி எழுதுவாள், நான் ஒட்டுவேன். வெளிநாட்டில் இதை ஸ்கிராப் புக் என்று சொல்லி, அழகான தாள்கள் வாங்கி, பெரிய பொழுதுபோக்காகச் செய்கிறார்களாம். எங்களிடம் இருப்பது கொப்பியும் பென்சிலும்தான். அது போதும்.

எங்களிடம் ஒட்டுவதற்கே அதிகம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1995 ஒக்ரோபர் 30 இரவு யுத்தத்தால் யாழ்ப்பாணத்தை விட்டு செம்மணி, நாவற்குழிப் பக்கமாக நடந்த சனத்தில் நாங்களும் இருந்தோம். அம்மா எடுத்தவை காணி உறுதி, எங்கள் சாதகங்கள், பால்மா ரின்னுக்குள் பதினொரு படங்கள். அவ்வளவும்தான். 1996 வைகாசியில் திரும்பி வந்தபோது கூரை இல்லை. அல்பங்கள் மாரி மழையில் ஊறி, மிச்சத்தைக் கறையான் தின்றிருந்தது. பதினொரு படங்களை ஒட்ட ஒரு கொப்பி எதற்கு என்று யாரும் கேட்கலாம். ஆனால் ஒரு படத்தைச் சின்னம்மாவின் முன் வைத்தால் இரண்டு பக்கம் எழுத வருகிறதே. படம் இல்லாத நாட்களும் அப்படியே எழும்பி வருகின்றன.

கோவில் சம்பந்தமானவற்றைத் தனியாக வைக்கவில்லை. எங்கள் வீட்டில் எந்த நினைவைத் தொட்டாலும் அது ஒரு விரதத்திலோ நேர்த்தியிலோதான் போய் முட்டும். நல்லூரில் அம்மா கடைசியாகச் செய்வித்த அர்ச்சனையின் ஒரு ரூபாச் சீட்டு ஒரு பக்கத்தில் இருக்கிறது. கந்தசஷ்டிக்கு அம்மா ஆறு நாளும் பால் மட்டும் குடித்து இருப்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறோம், ஏன் என்று கேட்டதில்லை. 1987 ஐப்பசியில் ஊரடங்குக்குள் வைத்தியரிடம் கொண்டுபோக வழியில்லாமல் தம்பி காய்ச்சலில் கிடந்தபோது வைத்த நேர்த்தி என்று சின்னம்மா சொன்னார். தம்பிக்கே அது தெரியாது. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அன்றிரவு கனடாவிலிருந்து எடுத்தவன் கனநேரம் ஒன்றும் பேசவில்லை.

செய்ய நினைப்பவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டவை சில. கோதுமை மாவில் காய்ச்சிய பசை வேண்டாம், கரப்பொத்தான் தேடி வரும். படத்தின் முதுகில் பசையே பூச வேண்டாம். நான்கு மூலைக்கும் சிறிய கடதாசி முக்கோணங்கள் வெட்டி ஒட்டி, படத்தை அவற்றுக்குள் செருகினால் வேண்டிய நேரம் கழற்றலாம். எண்பதுகளில் எல்லோர் வீட்டிலும் இருந்த, பிளாஸ்ரிக் தாளைத் தூக்கி ஒட்டும் அல்பங்களில் படங்கள் இன்னும் இருந்தால், ஒட்டிப்போவதற்கு முதல் எடுத்துவிடுங்கள். அந்தப் பசை மஞ்சளித்துப் படத்தையும் கெடுக்கும். பத்திரிகைத் துண்டு சில வருடங்களில் பழுத்து நொறுங்கும், ஆகவே போட்டோக் கொப்பி எடுத்து அதை ஒட்டுங்கள். படத்தின் பின்னால் பேனையால் எழுதினால் மை ஊறும், பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். விபூதி, சந்தனத்தைச் சிறிய கடித உறைக்குள் வையுங்கள். லமினேற் செய்யவே வேண்டாம். அப்பாவின் ஒரே கலியாணப் படத்தை ஒரு கடையில் கொடுத்து அப்படிச் செய்வித்தேன். சூட்டில் குமிழ் பிடித்துவிட்டது, இனி அதைப் பிரிக்க முடியாது. அந்தக் கவலை எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

நினைவு மலர்களை நான் குறைத்துப் பேசவில்லை. மார்கழியில் திருவெம்பாவையை இன்றும் பெரியப்பாவின் மலரைப் பார்த்துத்தான் படிக்கிறேன். எங்கள் ஊர்களின் வம்சாவளிகள் அந்த மலர்களில்தான் தப்பியிருக்கின்றன. ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்க்க 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தில் அவற்றையும் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்பது பெரிய ஆறுதல். ஆனால் மலரைப் போடுவதற்கு நாங்கள் ஒருவர் சாகும்வரை காத்திருக்கிறோம். பிறகு முப்பது நாளில், அழுதழுது, தெரிந்தவரிடம் கேட்க முடியாத நேரத்தில் அவருடைய கதையை எழுதுகிறோம். அந்தக் காசில் ஒரு சிறு பங்குக்கு இன்றைக்கே ஒரு கொப்பி வாங்கலாம். அம்மம்மாவும் அப்பப்பாவும் திண்ணையில் இருக்கும்போதே பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தலாம். பாடசாலை விடுமுறை தொடங்கும் கிழமைகளில் உங்கள் சிறுவர் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி போட்டால் புண்ணியமாய்ப் போகும்.

இன்னொரு வேண்டுகோள். அந்தச் சப்பறப் படத்தில் நான்காவது பெண்ணைச் சின்னம்மாவுக்கும் தெரியவில்லை. 1960களின் நடுப்பகுதி, கோண்டாவில். மெலிந்தவர், இரட்டைப் பின்னல், இடது கையில் மூடியுள்ள பித்தளைத் தூக்குச்சட்டி. முகத்தை வெயிலுக்குச் சுளித்துக்கொண்டு சிரிக்கிறார். அது எங்கள் அம்மா, எங்கள் ஆச்சி என்று யாராவது நினைத்தால் பத்திரிகைக்கு ஒரு கடிதம் போடுங்கள். படத்துக்குக் கீழே அவருடைய பெயருக்கு ஒரு வரி விட்டு வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோண்டாவில்.