பெயர் இல்லாத பிறப்புப் பதிவுகள்

ஐயா,

குடும்ப வரலாறு எழுதப் புறப்படுவோர் தாத்தாவின் பெயரைச் சொல்லிப் பிறப்புச் சான்று கேட்கிறார்கள். ‘பதிவு இல்லை’ என்று பதில் வருகிறது. பல நேரம் பதிவு இருக்கும், பெயர்தான் இருக்காது. அந்தக் காலத்தில் பிள்ளை பிறந்ததும், ஊரின் பிறப்புப் பதிவேட்டை எழுதிவந்த கிராம முன்சீப்பிடம் சொல்லிவிடுவார்கள். பெயர் சூட்டுவது பிறகு. என் பெரியப்பாவின் பதிவில் பெயருக்கான கட்டத்தில் வெறும் கோடு. பக்கத்தில் ‘ஆண்’, தகப்பனார் பெயர், ஊர். அவ்வளவுதான். எனவே பெற்றோர் பெயர், ஊர், உத்தேச ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். பள்ளிச் சான்றிதழ் தேதியை நம்பிப் போக வேண்டாம்; பள்ளி திறக்கும் ஜூனுக்கு ஏற்றாற்போல் போட்ட தேதியாக இருக்கலாம். ஜூன் மாதத்தில் பிறந்த தாத்தாக்கள் நம் ஊரில் எத்தனை பேர்!

‘உங்களுக்கு எதற்கு?’ என்று கேட்கும் எழுத்தர்களும் உண்டு. 1969ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பதிவேட்டில் தேடச் சொல்லலாம், சான்றும் பெறலாம். இறப்புக்கான காரணத்தை மட்டும் தரமாட்டார்கள்.

திருமணம் இன்னும் சிக்கல். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவது கட்டாயமானது 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். அதற்கு முந்தைய பல இந்துத் திருமணங்களுக்கு அழைப்பிதழும் மொய் நோட்டுமே கதி. தேவாலயப் பதிவேடு உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பழைய கிராமப் பதிவேடுகள் பொடிந்துபோகும் முன் அரசு அவற்றை ஸ்கேன் செய்து, தகப்பனார் பெயரைக் கொண்டு தேடும் வசதியைத் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்